பதினாலு: சைலன்சர், கையால் செய்தது

மகேஷ் தம்பி செத்தது வண்டியில் இல்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அந்த வண்டியைப் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும், எங்கே மோதினார் என்றுதான் கேட்கிறார்கள். எங்கும் மோதவில்லை. ஒன்பது நாள் காய்ச்சல். பத்தாம் நாள் ஆம்புலன்ஸில் வீட்டுக்கு வந்தார். அவர் ஓட்டிய நாலு வருஷத்தில் அந்த வண்டி மேல் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

என் பெயர் சேட்டு. நந்தனத்தில் காலேஜ் மைதானத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் கார் பட்டறையில் வெல்டர். முப்பது வருஷமாக இதே நெருப்பு, இதே கண் எரிச்சல். மகேஷ் தம்பியின் அப்பா கருணாகரன் அண்ணாச்சிக்குத் தி. நகரில் பாத்திரக் கடை. தென்காசிப் பக்கத்துக்காரர். தம்பி கடையில் கல்லாவில் உட்கார வேண்டியவர். மதியம் சாப்பிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எங்கள் பட்டறைக்கு வருவார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்வார். சாப்பாடு மறந்துபோகும்.

சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பிய ஒருவர் கூடவே கப்பலில் இறக்கிய ஜப்பான் வண்டி அது. ரெண்டே கதவு. அவரிடமிருந்து தம்பி வாங்கி, நாலு வருஷத்தில் உள்ளே இருந்ததில் பாதியை மாற்றிவிட்டார். டர்போ, ஸ்பிரிங், பிரேக், காற்று இழுக்கிற குழாய் என்று ஒவ்வொன்றாக வந்தது. இரும்பு வேலை மொத்தமும் என் கை.

அதில் என் உயிரை எடுத்தது சைலன்சர். மற்ற பையன்கள் தெரு அதிரணும் என்பார்கள். தம்பிக்கு அது வேண்டாம். வண்டியை நிறுத்தி வைத்து, இன்ஜினை ஓட விட்டு, பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். நான் அறுப்பேன், ஒட்டுவேன், மறுபடி அறுப்பேன்.

"இன்னும் கொஞ்சம் கீழ, மாமா."

"கீழன்னா இன்னா கீழ? தரைக்குள்ள பூந்து பத்த வைக்கட்டா?"

ஒன்பதாவது முறை எனக்குக் கோபம் வந்து வெல்டிங் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். சின்ன வயசில் விடியற்காலையில் அவருடைய அம்மா பெரிய கல் கிரைண்டரில் மாவு அரைப்பாராம். பக்கத்து அறையில் போர்வைக்குள் கிடக்கிற பிள்ளைக்கு அது எப்படிக் கேட்குமோ, வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது அப்படிக் கேட்கவேண்டும். கதவு சாத்தியிருக்க வேண்டும். மாவு பாதி அரைபட்டிருக்க வேண்டும்.

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க மாமா. கிண்டல் பண்ணியே சாகடிச்சிடுவாங்க."

சொல்ல மாட்டேன் என்றேன். பதினோராவது முறை அந்தச் சத்தம் வந்தது. எனக்கே தெரிந்தது. தம்பி கண்ணைத் திறக்கவில்லை. கால் மணி நேரம் ஸ்டூலிலேயே இருந்தார். தூங்கிவிட்டாரோ என்று பக்கத்தில் போய்ப் பார்த்தேன்.

அவர் போன முப்பதாம் நாள் காரியத்துக்கு அடையாறு காந்தி நகர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆற்றுக்குப் பக்கத்துத் தெரு. கீழே வண்டி நிறுத்தும் இடம், மாடியில் வீடு. தம்பியைப் பெற்ற முத்துலட்சுமி அம்மா உள் அறையை விட்டு வெளியே வருவதில்லை என்று அண்ணாச்சி சொன்னார். பேச்சு இல்லை, காலையில் காபி வைத்தால் ஆடை படிந்து அப்படியே இருக்கிறது. வந்ததுதான் வந்தாய், வண்டியை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போ என்றார். பேட்டரி இறங்கியிருந்தது. மாடியில் இருந்த இன்வெர்ட்டர் பேட்டரியைக் கீழே இறக்கி, அதிலிருந்து கேபிள் கொடுத்து எப்படி உயிர் கொடுப்பது என்று அவருக்குக் காட்டிக்கொண்டே ஸ்டார்ட் பண்ணினேன்.

மேலே கதவு திறந்தது. முத்துலட்சுமி அம்மா பால்கனிக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே பார்க்கவில்லை, எதிரே வேப்பமரத்தைப் பார்த்தபடி நின்றார். நான் சாவியைத் திருப்பி அணைத்ததும் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி இறங்கி வந்து, காபி குடிச்சிட்டா என்றார். அதைச் சொல்லும்போது அவர் வாய் கோணியது.

அங்கே வைத்துத்தான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

"தெனம் காலைல ஏழு மணிக்கு அஞ்சு நிமிசம் ஸ்டார்ட் பண்ணி உடுங்க அண்ணாச்சி. ஒரு நாளு உட்டாலும் பேட்டரி பூடும். இன்னா ஆனாலும் ஒரு நாள்கூட உட்றாதீங்க."

ஒரு நாள் விட்டால் பேட்டரி போகாது. நாலு நாள் விட்டாலும் போகாது. அது எனக்குத் தெரியும். மேலே நின்றவரைப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னேன். அண்ணாச்சிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சாவியைத் திருப்ப மட்டும் கற்றுக்கொண்டார். அன்றிலிருந்து ஒரு நாள் தவறவில்லை.

செப்டம்பர் மாதம் அண்ணாச்சி போன் செய்தார். வண்டியின் இன்சூரன்ஸ் முடிந்து மூன்று மாதம் ஆகிறது, ஏஜெண்ட் வருகிறார், வண்டிக்குள் என்னென்ன மாற்றியிருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை, நீ வா என்றார். எனக்கு மட்டும்தான் தெரியும் என்பது உண்மை. பட்டறையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன்.

ஏஜெண்ட் பெயர் ஆனந்தகுமார். தோளில் பை, கையில் ரெண்டு போன், வாய் ஓயாத மனுஷன். வண்டியைச் சுற்றி வந்தவர், என்ன சார், வண்டிக்குள்ள வேற வண்டி இருக்கு போல என்றார். பிறகு ஒரு நாற்காலியை வண்டி பக்கத்திலேயே இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினார். மூன்று வழி. ஒன்று, தேர்டு பார்ட்டி மட்டும். நாம் யாரையாவது இடித்தால் அவர்களுக்குக் கிடைக்கும், நம் வண்டி போனால் போனதுதான். ரெண்டு, ஃபுல் இன்சூரன்ஸ் எடுத்துக்கொண்டு மாற்றியதைக் காட்டாமல் விடுவது. மூன்று, ஃபுல் இன்சூரன்ஸில் மாற்றிய ஒவ்வொன்றையும் எழுதிக் கொடுத்து, ஆர்.சி. புத்தகத்திலும் ஏற்றி, மதிப்பை முன்னாலேயே பேசி வைத்துக்கொள்வது. இறக்குமதி வண்டிக்கு ஷோரூம் விலை என்று ஒன்று இங்கே இல்லாததால் மதிப்பைப் பேசித்தான் வைக்க முடியுமாம். அதற்குத் தவணை ரொம்ப ஏறும்.

அண்ணாச்சி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எதை எடுத்தா வண்டி இப்படியே இருக்கும்?"

ஆனந்தகுமார் கொஞ்சம் முழித்தார். இப்படி ஒரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள். மூணாவதுதான் சார் பலமானது என்றார். திருட்டு, தீ, வெள்ளம் எல்லாம் அதில் அடங்கும். இன்ஜினுக்குத் தனியாக ஒன்று சேர்த்துக்கொண்டால், தண்ணி புகுந்து தெரியாமல் ஸ்டார்ட் பண்ணிக் கெட்டால்கூட கொடுப்பார்கள், வேறு கம்பெனியில் அது கிடையாது.

"வண்டி முழுசாப் போச்சுன்னு வைங்க, பேசின மதிப்பு அப்படியே உங்க கைக்கு வந்துடும் சார். வண்டி அவங்களுக்குப் போயிடும். தகராறே கிடையாது."

நாங்கள் ரெண்டு பேருமே அதைக் கேட்டோம். கேட்டோம், அவ்வளவுதான். அண்ணாச்சி 'முழுசா' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். நான் என்ன எழுதுவது என்ற யோசனையில் இருந்தேன். தண்ணி புகுந்து ஸ்டார்ட் பண்ணினால் என்று அந்த ஆள் சொன்னபோது நான் ஒரு வாய் திறந்திருக்கலாம். அண்ணாச்சி, தண்ணி பூந்தா மட்டும் சாவியில கை வைக்காதீங்க என்று. சொல்லவில்லை. பட்டறையில் கூட்டிப் பெருக்குகிறவனுக்கும் தெரிந்த விஷயம், பாத்திரக் கடைக்காரருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேனோ என்னவோ.

ரெண்டாவது வழியைப் பற்றி ஆனந்தகுமார் குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். போட்டோ எடுக்க ஆள் வருகிற அன்று மட்டும் பழைய சைலன்சரை மாட்டிவிடலாம், அப்புறம் கழற்றிக்கொள்ளலாம், ஊரில் எல்லாரும் அப்படித்தான். கம்பெனி சைலன்சர் பழையது அந்த வீட்டுப் பரணில்தான் இருந்தது.

"கடையில இரும்பைக் காட்டி எவர்சில்வர்னு விக்கச் சொல்லுதீயளா?" என்றார் அண்ணாச்சி. "உள்ளதை உள்ளபடி எழுதுங்க. ஒண்ணு விடாம எழுது சேட்டு."

"உங்களை மாதிரி பத்து கஸ்டமர் கிடைச்சா நான் தொழிலை விட்டுட்டு கபாலி கோயில் வாசல்ல உக்காந்துடுவேன் சார்."

அண்ணாச்சி லேசாகச் சிரித்தார். தம்பி போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

நான் எழுதினேன். எழுத்து எனக்கு நாற்பத்தி நாலு வயசில் வந்தது. ஆற்றோரத்துக் குடிசையைக் காலி பண்ணி எங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகு, அங்கே பிளாக்குக்குக் கீழே நடந்த சாயங்கால வகுப்பில் கற்றது. மெதுவாகத்தான் வரும். அன்று மட்டும் தடங்கல் வரவில்லை. ஒவ்வொரு உறுப்பாக வண்டியைச் சுற்றிக் குனிந்து பார்த்து எழுதினேன். பத்தொன்பது வந்தது. பதினாலாவதாக, 'சைலன்சர், கையால் செய்தது' என்று எழுதினேன்.

ஆனந்தகுமார் என் தாளைப் பார்த்து இங்கிலீஷில் நிரப்பிக்கொண்டே வந்தார். படிவத்தில் ஒவ்வொன்றுக்கும் எதிரே, எதற்காக மாற்றியது என்று ஒரு கட்டம். வேகத்துக்கா, அழகுக்கா. டர்போவுக்கு வேகம். சக்கரத்துக்கு அழகு. பதினாலில் நிமிர்ந்தார்.

"இது எதுக்குப்பா? வேகமா, அழகா?"

வண்டிக்குப் பக்கத்திலேயே, சுவர் ஓரமாக, சாக்கு போட்டு மூடி அந்தக் கிரைண்டர் நின்றது. பெரிய கல் கிரைண்டர். தோசை தின்ன ஆள் இல்லாததால் அம்மா அதைக் கீழே இறக்கச் சொல்லிவிட்டதாக வாட்ச்மேன் சொல்லியிருந்தார். நான் அதைப் பார்த்தேன். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். சொல்லிவிடலாமா என்று நெஞ்சு வரைக்கும் வந்தது. சொல்லிடாதீங்க மாமா என்ற குரலும் கூடவே வந்தது.

"ரெண்டும் இல்ல சார்" என்றேன்.

"ரெண்டுல ஒண்ணுதான்ப்பா இருக்கு இதுல" என்று சொல்லி, அவரே அழகு என்று போட்டுக்கொண்டார்.

ஆர்.சி.யில் ஏற்றும் வேலை ஒரு மாதம் இழுத்தது. சத்தத்தை மிஷின் வைத்து அளந்தார்கள், அளவுக்குள்தான் இருந்தது. பாலிசி வந்த அன்று அண்ணாச்சி அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து விபூதி பூசி எடுத்ததாகச் சொன்னார். இனிமே பயமில்ல சேட்டு என்றார்.

டிசம்பரில் புயல் வந்தது. முதல் நாளே மேம்பாலம் முழுக்க ஜனங்கள் கார்களைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் கரண்ட் போனது, போன் டவர் போனது. பெரும்பாக்கத்துத் தெருவில் இடுப்பளவு தண்ணி. நாங்கள் நாலாவது மாடி. நானும் என் சம்சாரம் தேவானையும் மூணு நாள் படியில் உட்கார்ந்து தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நாலாவது நாள் மத்தியானம் டவர் வந்ததும் என் போனில் வரிசையாக விழுந்தது. அண்ணாச்சி பதினாறு தடவை கூப்பிட்டிருக்கிறார். எல்லாம் முதல் நாள் சாயங்காலம். வண்டியை மேம்பாலத்துக்கு எடுத்துப் போக ஆள் தேடியிருக்கிறார். அவருக்கு ஓட்டத் தெரியாதே.

உடனே கூப்பிட்டேன். எடுத்தவர் வா என்று மட்டும் சொன்னார்.

ஐந்தாம் நாள் காலையில் சோழிங்கநல்லூர் வரைக்கும் நடந்து, ஒரு லாரியில் திருவான்மியூர் வந்து, அங்கிருந்து மறுபடி நடந்தேன். காந்தி நகர் தெருவில் சேறு. வீட்டு வாசல்களில் மெத்தை, சோபா, ஃபிரிட்ஜ் எல்லாம் குவிந்து கிடந்தன. வண்டிக்குள் சீட் மட்டத்துக்குத் தண்ணி நின்ற கோடு தெரிந்தது. முன்னால் தரையில் எண்ணெயும் தண்ணியும் கலந்து பால் காபி மாதிரி தேங்கியிருந்தது. பக்கத்தில் இன்வெர்ட்டர் பேட்டரியும் நான் கொடுத்த கேபிளும் கிடந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது.

அண்ணாச்சி படியில் உட்கார்ந்தபடி சொன்னார். ரெண்டு நாள் தண்ணி நின்றது. மூன்றாம் நாள் வடிந்தது. அம்மா அந்த மூணு காலையும் ஏழு மணிக்குப் பால்கனியில் வந்து நின்றுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார், காபி இல்லை, சாப்பாடு இல்லை. நாலாம் நாள் காலையில் அண்ணாச்சியும் வாட்ச்மேனும் அந்தக் கனத்த பேட்டரியை மாடியிலிருந்து தூக்கி வந்திருக்கிறார்கள். முதல் தடவை திருப்பியதும் டக் என்றதாம். ரெண்டாம் தடவையும் டக். மூணாம் தடவை பிடித்துவிட்டது.

"ஓடிச்சு சேட்டு. அஞ்சு நொடி இருக்கும். அதே சத்தம். மேல கதவு தெறக்குத சத்தமும் கேட்டுது. அப்புறம் ஒரு அடி விழுந்துது பாரு."

நான் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே நின்ற தண்ணி அமுங்காததால் பிஸ்டனைத் தள்ளுகிற ராடு முறிந்து, இன்ஜின் சுவரைக் குத்திக்கொண்டு வெளியே வந்திருந்தது. கை நுழையும் ஓட்டை. காற்று இழுக்கிற குழாயைப் பம்பருக்குப் பின்னால் தாழ்வாக இறக்கி வைத்தது நான். முதல் தண்ணி அது வழியாகத்தான் போயிருக்கும். அப்போதுகூட, சாவியைத் தொடாமல் இருந்திருந்தால், பிளக்கைக் கழற்றித் தண்ணியை வெளியே விட்டு, எண்ணெய் ஊற்றிக் கையால் சுற்றிப் பிழைக்க வைத்திருப்பேன்.

"நீ சொன்னியே, ஒரு நாள்கூட விடக்கூடாதுன்னு. மூணு நாள் விட்டுட்டேன்னு மனசு பதறிட்டு" என்றார் அண்ணாச்சி.

அவர் குற்றம் சொல்லவில்லை. தன் தப்பை என்னிடம் ஒப்புக்கொள்கிற மாதிரிச் சொன்னார். அதற்கு நான் என்ன சொல்ல? பேட்டரிக்காகச் சொல்லவில்லை அண்ணாச்சி என்றா? கீழே கிடந்த கேபிளை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தேன்.

கம்பெனி அனுப்பிய சர்வேயர் நாலு நாள் கழித்து வந்தார். யாரும் ஸ்டார்ட் பண்ணலன்னே சொல்லிடுங்க சார், எதுக்கு வம்பு என்று ஆனந்தகுமார் முன்கூட்டியே காதில் ஓதியிருந்தார். சர்வேயர் கேட்டதும் அண்ணாச்சி, நான்தான் பண்ணினேன், மூணு தரம் என்றார். சர்வேயர் எழுதிக்கொண்டார். நல்ல மனுஷர்தான். பாலிசியில் அதுவும் இருப்பதால் காசுக்குக் குறைவு வராது என்றார். சீட், ஒயரிங் மட்டும் என்றால் ரிப்பேர் என்று எழுதியிருப்பேன், இன்ஜின் போனதால் செலவு மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டுகிறது, அதனால் டோட்டல் லாஸ் என்று எழுதுகிறேன் என்றார்.

"அப்ப சரிபண்ணி எப்பக் குடுப்பீங்க?" என்று அண்ணாச்சி கேட்டார்.

சர்வேயர் ஆனந்தகுமாரைப் பார்த்தார். ஆனந்தகுமார் தரையைப் பார்த்தார்.

"சரிபண்ண மாட்டாங்க சார். பணத்தைக் குடுத்துட்டு வண்டியை எடுத்துக்குவாங்க. அன்னைக்கே சொன்னேனே சார்."

அண்ணாச்சி போய் வண்டியின் மேல் கையை வைத்தார். பிறகு, முழுசா எடுத்தா முழுசா காப்பாத்தும்னுலா நெனச்சேன் என்றார், யாரிடமும் இல்லாமல்.

பணம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து வண்டியை வைத்துக்கொள்ளவும் வழி இருந்தது. அண்ணாச்சி பதினைந்து நாள் அவகாசம் கேட்டார். அதே இன்ஜின் கிடைக்குமா என்று நான் புதுப்பேட்டை முழுக்க அலைந்தேன். பெங்களூருக்கும் கொச்சிக்கும் போன் போட்டுக் கேட்டோம். அந்த இன்ஜினைச் செய்வதை நிறுத்தி இருபத்தைந்து வருஷம் ஆகிறது, எங்கும் இல்லை. வேறு இன்ஜின் வைக்கலாம், சத்தம் வேறாக வரும். பதினாலாம் நாள் போய்ச் சொன்னேன்.

"அப்ப எடுத்துட்டுப் போவட்டும்" என்றார். "இங்கன நின்னா அவ தெனமும் ஏழு மணிக்கு வந்து நிப்பா. ஊமை வண்டியை எத்தனை நாள் பாப்பா அவ?"

ஜனவரி கடைசியில் ஒரு காலையில் வண்டியை ஏற்றிப் போக ஆள் வந்தார். உடைசல் வண்டிகளை மொத்தமாக எடுக்கிற வலியுல்லா பாய். எனக்குப் பழக்கம்தான். கையில் ஒரு தாள் வைத்திருந்தார். நான் எழுதிக் கொடுத்ததுதான், இங்கிலீஷில். ஒவ்வொன்றும் வண்டியில் இருக்கிறதா என்று டிக் போட்டு எடுக்க வேண்டுமாம். அவருக்கு எது எங்கே என்று தெரியாததால் நான்தான் காட்ட வேண்டியிருந்தது. அவர் எண்ணைச் சொல்லச் சொல்ல, நான் குனிந்து கையை வைத்துக் காட்டினேன். ஒன்று, டர்போ. ரெண்டு, காற்றுக் குழாய். எழுதிய அன்று எவ்வளவு பெருமையாக இந்த வண்டியைச் சுற்றி வந்தேன் என்று நினைப்பு வந்தது.

பதினாலு வந்தது. கை வைத்தேன், எடுக்க மனசு வரவில்லை.

"பாய், இத்த மட்டும் உட்டுட்டுப் போ. மேல பரண்ல கம்பெனி சைலன்சர் கீது. பத்து நிமிசத்துல மாட்டித் தர்றேன்."

"நீ இன்னா நைனா, லிஸ்ட்ல எழுதிக் கீது. இல்லன்னா என் தலைய உருட்டுவாங்க." அவர் குனிந்து பார்த்தார். "அதுவும் இன்ஜின் இல்லாம இத்த வச்சிக்கினு இன்னா பண்ணுவ? வாயில வச்சு ஊதுவியா?"

அவர் அறியாமல் சொன்ன கேலி. நான் ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டேன். பின்னாலிருந்து அண்ணாச்சி என் தோளைத் தொட்டார்.

"விடு சேட்டு. எழுதிக் குடுத்தாச்சுலா."

சொல்லிவிட்டுக் கேட் பக்கம் போய்த் தெருவைப் பார்த்தபடி நின்றுகொண்டார். ஆனந்தகுமார் சொன்ன மாதிரி அன்றைக்குப் பழையதை மாட்டிப் போட்டோ எடுத்திருந்தால், இது தாளில் இருந்திருக்காது. இந்த வீட்டில் இருந்திருக்கும். ஊதவாவது வைத்துக்கொண்டிருப்பேன்.

மீதி ஐந்துக்கும் டிக் விழுந்தது. சங்கிலி கட்டி லாரிமேல் இழுத்தார்கள். வண்டி சத்தமில்லாமல் ஏறியது.

கிளம்பலாம் என்று கை கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா மேலே கூப்பிடுதா என்று அண்ணாச்சி சொன்னார். போனேன். முத்துலட்சுமி அம்மா அடுப்படியில் நின்று எவர்சில்வர் டம்ளரில் காபி கொடுத்தார். தனக்கும் ஒன்று ஊற்றி மேடையில் வைத்தார், குடிக்கவில்லை. நான் அவர் குரலைக் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

"நீதான அவனுக்கு எல்லாம் செஞ்சு குடுத்தது?"

"ஆமாம்மா."

"கார்னாலே எனக்குப் பிடிக்காது எய்யா. அந்தச் சத்தம் மட்டும் என்னமோ கேக்கணும்போல இருக்கும். எதுக்குன்னு தெரியல. கேட்டா பிள்ளை உள்ள படுத்துக் கெடக்குத மாதிரி ஒரு நெனப்பு."

என்னால் அதற்குமேல் முடியவில்லை. சொல்லிவிட்டேன். பதினோரு முறை அறுத்து ஒட்டியது, ஸ்டூலில் கண்ணை மூடி உட்கார்ந்தது, விடியற்காலை, போர்வை, சாத்தின கதவு, பாதி அரைபட்ட மாவு. அம்மாவாண்ட சொல்ல வேணான்னு சொன்னாரும்மா, கிண்டல் பண்ணுவீங்கன்னு. அதான் சொல்லல.

அவர் மேடையைப் பிடித்துக்கொண்டார். அழவில்லை. எங்கேயோ காதைக் கொடுத்துக் கேட்கிற மாதிரி ரொம்ப நேரம் நின்றார்.

"அந்தக் கிரைண்டரா?"

"ஆமாம்மா. கீழ சாக்கு போட்டு இருந்துச்சே, அது."

"வெள்ளத்துல மோட்டார்ல தண்ணி ஏறிட்டு. நனைஞ்ச சாமான் எல்லாத்தோடயும் சேத்து நான்தான் எய்யா எடைக்குப் போடச் சொன்னேன். கல்லை ரெண்டா ஒடச்சித்தான் தூக்கிட்டுப் போனான்." கொஞ்சம் நிறுத்தினார். "ஒரு வார்த்தை முன்னாடி சொல்லியிருக்கலாம்லா."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். கீழே லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. அவர் பால்கனிக்குப் போகவில்லை. மேடைமேல் அவருடைய காபியில் ஆடை படிய ஆரம்பித்திருந்தது.